அந்த நாலு சதவீதம் எங்கே?

தோழர்களே, இந்த மாதச் சம்பளச் சீட்டை எடுத்து முன்னால் வையுங்கள். ஸ்பார்க் சம்பள மென்பொருளிலிருந்து அச்செடுத்த தாளோ, போனில் கிடக்கும் படமோ, எதுவானாலும் சரி. பிடித்தங்கள் வரிசையில் என்.பி.எஸ்., அதாவது பங்களிப்புப் பென்ஷன், என்று ஒரு வரி இருக்கும். அதற்கு நேராக உள்ள தொகையைச் சத்தமாகப் படியுங்கள். பக்கத்தில் வீட்டுக்காரியோ வீட்டுக்காரரோ இருந்தால் அவர்கள் காதிலும் விழட்டும்.

2013 ஏப்ரல் 1-க்குப் பிறகு கேரளத்தில் காக்கி போட்ட ஒவ்வொருவர் சீட்டிலும் அந்த வரி உண்டு. என் சீட்டில் ஒருநாளும் இருந்ததில்லை. முப்பது வருஷம் தீயணைப்புப் படையில் இருந்துவிட்டு, 2021-ல் ஐம்பத்தாறு வயதில் இறங்கினேன். கடைசிப் பத்து மாதச் சம்பளத்தின் சராசரியில் பாதி எனக்கு மாதாமாதம் பென்ஷனாக வருகிறது. அதற்கென்று என் சம்பளத்தில் ஒரு பைசா பிடித்தது கிடையாது. பி.எஃப். பிடித்தார்கள், அது வட்டியோடு என் கைக்கே திரும்பி வந்தது. ஆகவே இதை எழுத எனக்கு யோக்கியதை இருக்கிறதா என்று நீங்கள் கேட்டால் கோபப்பட மாட்டேன். வயிறு நிறைந்தவன் பசியைப் பற்றிப் பேசுகிறான் என்று நினைத்தாலும் சரிதான். ஆனால் கிணற்றுக்குள் நான் இறங்கியபோது மேலே கயிற்றைப் பிடித்து நின்றவன் 2014-ல் சேர்ந்த பையன். ஒரே கயிறு, இரண்டு பென்ஷன். இது எனக்கு ஜீரணமாகவில்லை.

பாலக்காட்டுப் பெருமாட்டிக்காரர்களுக்குக் கிணறு என்றால் என்ன என்று விளக்க வேண்டியதில்லை. மழை மறைவில் கிடக்கும் ஊர் இது. மூலத்தறையிலிருந்து வாய்க்கால் தண்ணீர் வந்தால் வயல், வராவிட்டால் கிணறு, கிணறும் வற்றினால் ஆழ்துளை. கோடையில் தூர்வார இறங்குகிறவன் மூச்சு முட்டிச் சாய்வான். அவனைத் தூக்க இறங்குகிற அண்ணன் அவன்மேலேயே விழுவான். அப்புறம்தான் 101-க்கு போன் வரும். பி.ஏ. செட் என்னும் மூச்சுக் கருவியை முதுகில் மாட்டிக்கொண்டு, இடுப்பில் கயிறு கட்டி, உள்ளே போகிறவனுக்கு அந்த நேரத்தில் எந்தக் கணக்கும் ஓடாது. மேலே வந்து வாந்தி எடுத்துவிட்டு, ஒரு கட்டன் சாயா குடித்துவிட்டு, அடுத்த அழைப்புக்கு வண்டி ஏறுவான். அந்தக் கணக்கை அவனுக்காக வேறு யாராவது போட்டிருக்க வேண்டும். போட்டவர்கள் எப்படிப் போட்டிருக்கிறார்கள் என்றுதான் இப்போது பார்க்கப் போகிறோம்.

ஆவேசத்தைக் கொஞ்சம் ஓரமாக வைத்துவிட்டு எண்களுக்கு வாருங்கள். பதினோராவது சம்பளத் திருத்தத்தின்படி ஃபயர் அண்ட் ரெஸ்க்யூ ஆபீசருக்குத் தொடக்க அடிப்படை 27,900 ரூபாய். சிவில் போலீஸ் ஆபீசருக்கு 31,100. அடிப்படைச் சம்பளமும் அகவிலைப்படியும் சேர்ந்த தொகையில் நூற்றுக்குப் பத்து உங்களிடம் பிடிக்கிறார்கள். அரசு அதே பத்தைத் தன் பங்காகப் போடுகிறது. அகவிலைப்படியை இப்போதைக்கு விட்டுவிடுவோம். அடிப்படையை மட்டும் எடுத்துக்கொண்டால் ஃபயர்க்காரன் 2,790, அரசு 2,790. போலீஸ்காரன் 3,110, அரசு 3,110. பார்க்க நியாயமாகத்தான் தெரியும். சரிபாதி.

மத்திய அரசு ஊழியர்களுக்கும் 2004 ஜனவரி முதல் இதே சரிபாதிதான் இருந்தது. 2019 ஏப்ரல் 1 முதல் மத்திய அரசு தன் பங்கைப் பதினாலாக உயர்த்திவிட்டது. ஊழியர் பங்கு பத்திலேயே நின்றது. கேரள அரசு தன் பங்கைப் பத்திலேயே வைத்துக்கொண்டது. இதில் வேடிக்கை என்னவென்றால், அகில இந்தியப் பணியில் 2004-க்குப் பிறகு சேர்ந்த ஐ.பி.எஸ். அதிகாரிக்கு மத்திய விதிப்படி பதினாலு. அவர் முன்னால் விறைத்து நின்று சல்யூட் அடிக்கிற கான்ஸ்டபிளுக்குப் பத்து. வெள்ளம் வந்தால் இருவரும் ஒரே கரையில் நிற்கிறார்கள். இதில் அந்த அதிகாரியைக் குறை சொல்ல ஒன்றுமில்லை, அவருக்குச் சட்டப்படி உள்ளது அவருக்கு வருகிறது. நமக்கு ஏன் வரவில்லை என்பதே கேள்வி.

இந்த நாலு சதவீதம் ஃபயர்க்காரனுக்கு மாதம் 1,116 ரூபாய். போலீஸ்காரனுக்கு 1,244. சின்னத் தொகைதானே என்று தோன்றுகிறதா? அந்தத் தொடக்க அடிப்படையையே அளவாக வைத்துக்கொள்ளுங்கள். 2019 ஏப்ரலிலிருந்து 2024 செப்டம்பர் வரை மட்டுமே அறுபத்தாறு மாதம். 1,116-ஐ அறுபத்தாறால் பெருக்குங்கள்: 73,656 ரூபாய். இதில் அகவிலைப்படி சேரவில்லை, ஆண்டு இன்கிரிமென்ட் சேரவில்லை, அந்தப் பணம் ஃபண்டில் கிடந்து வளர்ந்திருக்க வேண்டிய வளர்ச்சி சேரவில்லை. இனி ஓய்வு பெறும்வரை இருபது வருஷம், இருபத்தைந்து வருஷம் அது வளர வேண்டிய காலம் பாக்கி இருக்கிறது. பென்ஷன் ஃபண்டில் முதலில் விழுகிற ரூபாய்க்குத்தான் அதிகம் குட்டி போடும் காலம் கிடைக்கும். இளம் வயதில் விழாத ரூபாயைக் கடைசிக் காலத்தில் போட்டு ஈடுகட்ட முடியாது.

அகவிலைப்படியிலும் இதே கதைதான். 2021 ஜனவரிக்குரிய இரண்டு சதவீதத் தவணை, 2024 ஏப்ரல் சம்பளத்தோடு வந்து சேர்ந்தது. டி.ஏ. தாமதம் என்றால் கறிக்கும் மீனுக்கும் கொஞ்சம் கை இறுகும், அவ்வளவுதான் என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். இல்லை தோழர்களே. டி.ஏ. வராத மாதத்தில் அதன்மேல் உங்கள் பத்தும் விழவில்லை, அரசின் பத்தும் விழவில்லை. இன்றைய சாப்பாட்டில் கை வைத்த அதே கை அறுபது வயதுச் சாப்பாட்டிலும் வைத்திருக்கிறது.

அந்த அறுபது வயதுக்கு வருகிறேன். எனக்கு இதில்தான் அடிவயிறு எரிகிறது.

பழைய பென்ஷன்காரனாகிய எனக்கு ஓய்வு வயது ஐம்பத்தாறு. பங்களிப்புப் பென்ஷன்காரனாகிய உங்களுக்கு அறுபது. நாலு வருஷம் கூடுதல் வேலை, கூடுதல் சம்பளம், நல்லதுதானே என்று 2013-ல் சிலர் நம்மிடம் சொன்னார்கள். மேசை வேலைக்காரருக்கு நல்லதாக இருக்கலாம். ஐம்பத்தொன்பது வயதில் நாற்பதடி ஏணியில் தண்ணீர்க் குழாயைத் தோளில் போட்டுக்கொண்டு ஏறிப் பாருங்கள். நான் ஐம்பத்தைந்தில் ஏறியபோதே முழங்கால் என் பேச்சைக் கேட்கவில்லை. கீழே நின்ற பையன்கள், "சேட்டா, இறங்குங்க, நாங்க பாத்துக்கறோம்" என்று மரியாதையாகச் சொல்லிவிட்டு மேலே ஏறினார்கள். அந்தப் பையன்கள் இன்னும் கால் நூற்றாண்டு கழித்து ஐம்பத்தொன்பதில் நிற்கும்போது யார் ஏறுவார்கள்? நிலையத்தில் பாதிப் பேர் அந்த வயதில் இருந்தால், தீப்பிடித்த வீட்டுக்காரன் கதி என்ன? இது நம் பென்ஷன் பிரச்சினை மட்டும் இல்லை. 101-ஐ அழுத்துகிற ஒவ்வொருவர் பிரச்சினையும்.

2024 ஜூலை 16-ஐ நினைத்துப் பாருங்கள். நறணிப் பக்கம் சித்தூர்ப் புழையில் குளிக்க இறங்கிய நாலு பேர், ஆறு திடீரெனப் பெருகியதில் நடு ஆற்றுப் பாறையில் மாட்டிக்கொண்டார்கள். அதில் வயதானவர்களும் இருந்தார்கள். சுற்றிலும் சுழித்து ஓடும் செம்மண் தண்ணீர். நம் படைக்காரர்கள் கயிறு கட்டி, லைஃப் ஜாக்கெட் மாட்டிவிட்டு, ஒவ்வொருவராகக் கரைக்குக் கொண்டு வந்தார்கள். டிவியில் நாடே பார்த்தது, நாடே கைதட்டியது. கைதட்டியதை நான் குறை சொல்லவில்லை. அதே மாதம் 30-ஆம் தேதி விடிவதற்கு முன்னால் வயநாட்டில் முண்டக்கையும் சூரல்மலையும் மண்ணுக்குள் போயின. மறுபடி நம் ஆட்கள்தான். மறுபடி பாராட்டு. அப்புறம் ஐந்து நாள் சம்பளத்தை நிவாரண நிதிக்குக் கொடுங்கள் என்று அரசு கேட்டது. சேற்றில் நின்றவர்களும் கொடுத்தார்கள். கொடுக்கத்தான் வேண்டும். ஊருக்கு ஆபத்து வரும்போது ஐந்து நாள் கேட்கத் தெரிந்த அரசிடம், நாலு சதவீதம் கேட்க நமக்கு ஏன் வாய் வரவில்லை?

இடுக்கிப் பக்கத்துத் தோழர்களுக்கு இதை நான் சொல்லவே வேண்டாம். 2020 ஆகஸ்ட் 6 இரவு, மூணாறை அடுத்த பெட்டிமுடி. லயங்கள் இருந்த இடத்தில் பாறையும் சேறும். எழுபது பேர், அத்தனை பேரும் நம் மொழி பேசுகிற தோட்டத் தொழிலாளர் குடும்பங்கள். அறுபத்தாறு உடல்கள் கிடைத்தன. நாலு பேர் கிடைக்கவே இல்லை. இரண்டு வாரத்துக்கும் மேலாக ஆற்றங்கரையோடு தேடினார்கள். மறுநாள் மாலையே கரிப்பூரில் விமானம் விழுந்தது. அதற்கும் ஓடியது இதே படைதான். பெட்டிமுடியில் அட்டைக்கடியோடு நின்ற ஒரு தம்பி பின்னாளில் என்னிடம் சொன்னான்: "அண்ணா, ஒரு குழந்தையோட செருப்பு கிடைச்சதுக்கப்புறம் மூணு ராத்திரி தூக்கம் வரல." அவன் சீட்டிலும் அந்தப் பத்து சதவீத வரி இருக்கிறது. அரசின் பங்கும் பத்துதான். தூக்கம் போனதற்கு எந்த ஃபண்டிலும் வரவு வைப்பதில்லை.

சரி, கடைசியில் கைக்கு என்ன வரும்? ஒரு பேச்சுக்கு, ஓய்வு பெறும் நாளில் உங்கள் கணக்கில் ஐம்பது லட்சம் இருக்கிறது என்று வையுங்கள். அறுபது சதவீதத்தைக் கையில் தருவார்கள். மீதி நாற்பது, அதாவது இருபது லட்சத்துக்கு, இன்ஷூரன்ஸ் கம்பெனியிடம் ஆண்டுத்தொகைத் திட்டம் வாங்கியாக வேண்டும். ஆறு சதவீதம் கிடைத்தால் வருஷத்துக்கு ஒரு லட்சத்து இருபதாயிரம். மாதம் பத்தாயிரம். அந்தப் பத்தாயிரம் சாகும்வரை பத்தாயிரமாகவே இருக்கும். டி.ஏ. கிடையாது, சம்பளக் கமிஷன் கிடையாது. கையில் வந்த முப்பது லட்சம்? மகள் கல்யாணம், வீட்டுக் கடன், மாமனார் ஆபரேஷன். நம் வீடுகள் எனக்குத் தெரியும். இரண்டு வருஷம் தாங்கினால் பெரிய விஷயம்.

1982 டிசம்பர் 17-ல் நகாரா வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்ன நாளை வயதானவர்கள் இன்னும் பென்ஷனர் நாளாகக் கொண்டாடுகிறார்கள். பென்ஷன் என்பது முதலாளி பார்த்துப் போடும் பிச்சை இல்லை, செய்து முடித்த வேலைக்கான பாக்கி என்பதே அந்தத் தீர்ப்பின் உயிர். நானும் வருஷாவருஷம் அந்தக் கூட்டத்துக்குப் போவேன். சால்வை போடுவார்கள், உளுந்து வடை தருவார்கள். இந்த வருஷம் போனால் ஒன்று கேட்கப் போகிறேன்: நமக்குப் பாக்கி என்றால், 2013-க்குப் பிறகு வந்தவனுக்கு மட்டும் அது எப்படிப் பங்குச்சந்தை அதிர்ஷ்டமானது?

இங்கே என் தலைமுறையின் குற்றத்தையும் ஒப்புக்கொள்கிறேன். 2012 ஆகஸ்டில் உம்மன் சாண்டி அரசு பங்களிப்புப் பென்ஷன் திட்டத்தைக் கொண்டுவர முடிவெடுத்தது. 2013 ஜனவரி 8-ல் ஊழியர்களும் ஆசிரியர்களும் காலவரையற்ற வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். ஆறு நாள். போலீசும் ஃபயரும் இறங்க முடியாது. 1966-ஆம் வருஷச் சட்டம் போலீஸ்காரன் கையைக் கட்டியிருக்கிறது, நம் கையையும் வேலையே கட்டியிருக்கிறது. நாம் சாலையோரம் நின்று பந்தோபஸ்து பார்த்தோம். ஆறாம் நாள் இரவு பேச்சுவார்த்தையில் கிடைத்த வாக்குறுதிகளோடு போராட்டம் முடிந்தது. பழையவர்களுக்கு ஒன்றும் ஆகாது என்று தெரிந்ததும் என்னைப் போன்றவர்கள் மூச்சு விட்டோம். இனி வரப் போகிறவனுக்காகச் சண்டை போட அன்று அவன் வந்திருக்கவில்லையே. அவன் வந்தபோது கதவு சாத்தியிருந்தது. அதைச் சாத்தியதில் என் கையும் இருந்தது.

அதற்குப் பிறகு வருஷக்கணக்காக நாம் போட்ட கோஷம் ஒன்றே ஒன்று: பங்களிப்புப் பென்ஷனை ரத்து செய். நல்ல கோஷம். நானும் போட்டேன், தொண்டை கட்டும்வரை. ஆனால் 'எல்லாம் அல்லது ஒன்றுமில்லை' என்று நின்றதில், 2019-ல் விகிதம் மாறியபோது அதைத் தட்டிக் கேட்க நமக்குத் தெரியவில்லை. பதினாலு கேட்டால் திட்டத்தை ஏற்றுக்கொண்டதாக ஆகிவிடும் என்று சில தலைவர்கள் சொன்னார்கள். கொள்கைச் சுத்தம்! அந்தச் சுத்தத்தின் விலை மாதம் 1,116 ரூபாய், கொடுத்தது தலைவர்கள் இல்லை, புதிதாகச் சேர்ந்த பையன்கள். வீடு எரியும்போது முழுத் தீயையும் அணைக்க வண்டி வரட்டும் என்று கையில் இருக்கும் வாளித் தண்ணீரைக் கீழே வைப்போமா? ரத்து கேட்கிறவன் பதினாலும் கேட்கலாம். இன்றைக்கே கேட்கலாம்.

ஏன் இன்றைக்கே? சொல்கிறேன். 2018-ல் கேரள அரசு, ஓய்வு பெற்ற ஒரு நீதிபதி தலைமையில் இந்தத் திட்டத்துக்கு மறுஆய்வுக் குழு போட்டது. 2021-ல் அறிக்கை வந்தது. அது நம் கண்ணில் படவே உச்ச நீதிமன்றம் வரை போக வேண்டியிருந்தது. 2024 பிப்ரவரி வரவுசெலவுத் திட்டத்தில் நிதியமைச்சர் பாலகோபால், பங்களிப்புத் திட்டத்துக்குப் பதில் உறுதியளிக்கப்பட்ட பென்ஷன் திட்டம் கொண்டுவரப்படும் என்று அறிவித்தார். அதற்கு ஏழு மாதம் கழித்தும் விதி ஒன்றும் நம் கைக்கு வரவில்லை. இதற்கிடையில் 2024 ஆகஸ்ட் 24-ல் மத்திய அமைச்சரவை ஒருங்கிணைந்த ஓய்வூதியத் திட்டம் என்று ஒன்றை ஏற்றது. 2025 ஏப்ரல் 1 முதல் அது நடப்புக்கு வந்தது. ஊழியர் பத்து, அரசு பதினெட்டரை. இருபத்தைந்து வருஷம் வேலை செய்தால் கடைசிப் பன்னிரண்டு மாத அடிப்படைச் சம்பளச் சராசரியில் பாதி. பத்து வருஷம் இருந்தாலே குறைந்தது மாதம் பத்தாயிரம். இதிலும் ஓட்டைகள் உண்டு, அது பழைய பென்ஷன் ஆகாது. ஆனாலும் பாருங்கள்: அங்கே பதினாலு பதினெட்டரை ஆகிவிட்டது. நாம் இன்னும் பத்தில் நிற்கிறோம்.

கேரளத்தின் புதிய திட்டத்தின் எண்களை ஏதோ ஒரு அறையில், ஏதோ ஒரு கோப்பில்தான் எழுதுவார்கள். எழுதி முடித்து உத்தரவு வந்தபின் கத்தினால், 2013 மறுபடி நடக்கும். மை காயும் முன்னால் நம் குரல் அங்கே போய்ச் சேர வேண்டும்.

அறிக்கைக்கும் பணத்துக்கும் நடுவில் எவ்வளவு தூரம் என்பதைப் பெருமாட்டியைவிட நன்றாக அறிந்த ஊர் இருக்கிறதா? பிளாச்சிமடையில் 2002 ஏப்ரல் 22-ல் மயிலம்மாவும் இரவாளர் பழங்குடிப் பெண்களும், ஊர்த் தண்ணீரை உறிஞ்சிய கோக்கோ கோலா கம்பெனி வாசலில் பந்தல் போட்டு உட்கார்ந்தபோது, இந்தக் குடங்களைத் தூக்கிக்கொண்டு வந்த பெண்கள் என்ன சாதித்துவிடப் போகிறார்கள் என்றுதான் படித்தவர்கள் பேசினார்கள். 2003-ல் இந்தச் சின்னப் பஞ்சாயத்து லைசென்சைப் புதுப்பிக்க மாட்டேன் என்றது. 2004 மார்ச்சில் ஆலை நின்றது. அது வெற்றி. அதற்கு அப்புறம் நடந்ததையும் பாருங்கள்: 2010-ல் உயர்மட்டக் குழு நஷ்டத்தை 216 கோடி என்று கணக்கிட்டது, 2011-ல் சட்டமன்றம் இழப்பீட்டுத் தீர்ப்பாய மசோதாவை நிறைவேற்றியது, குடியரசுத் தலைவர் ஒப்புதல் கிடைக்கவில்லை. மயிலம்மா 2007-லேயே போய்விட்டார். குழு சொன்னது, சபை சொன்னது, பணம் வரவில்லை. பந்தலில் ஆள் இருந்தவரை காரியம் நடந்தது. அந்த ஆலை வாசலில் அன்று காவலுக்கு நின்ற போலீஸ்காரர்களும் இந்த ஊர்த் தண்ணீர்தான் குடித்தார்கள். அவர்களில் சிலர் பின்னால் என்னிடம், "அந்தப் பக்கம் நின்றிருக்க வேண்டியவங்க நாங்க" என்றார்கள். இப்போது அவர்கள் பிள்ளைகள் போலீசில் இருக்கிறார்கள். பங்களிப்புப் பென்ஷனில்.

எல்லைக்கு அந்தப் பக்கம் பார்க்காதீர்கள், அங்கே சொர்க்கம் இல்லை. மீனாட்சிபுரம் செக்போஸ்ட்டைத் தாண்டி நிற்கும் தமிழ்நாட்டுப் போலீஸ்காரரை 2003 ஏப்ரலிலிருந்தே பங்களிப்புத் திட்டத்தில் சேர்த்தார்கள், நமக்குப் பத்து வருஷம் முன்பே. அங்கே 2021 தேர்தலில் ஜெயித்த கட்சி தன் தேர்தல் அறிக்கையில் பழைய பென்ஷன் என்றது. அவரும் வருஷக்கணக்காகக் காத்திருந்தார். எல்லைக் காவலில் இரண்டு பேரும் ஒரே டீக்கடையில் நின்று ஒரே வருத்தத்தைப் பேசுகிறார்கள், ஒருவர் பாதி மலையாளத்தில்.

கொஞ்சம் தூரமாகப் போய்ப் பார்ப்போம். அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலம் 2013 ஜனவரி 1 முதல் புதிதாகச் சேர்கிறவர்களுக்குப் பென்ஷன் சட்டத்தை இறுக்கியது, நம்மைவிட மூன்றே மாதம் முன்னால். அங்கே பல ஊர்களில் நகராட்சியே தீயணைப்பு நிலையம் நடத்தும், போலீசும் அதனுடையது. புதிய ஊழியர் தன் பென்ஷன் செலவில் குறைந்தது பாதியை ஏற்க வேண்டும் என்று அந்தச் சட்டம் சொன்னது. கடுமைதான். ஆனால் இறுக்கும்போதும் போலீசையும் ஃபயரையும் பொதுப் பாதுகாப்புப் பணியாளர் என்று தனி வகையாகவே வைத்தார்கள். அவர்களுக்குக் கிடைக்கும் மேலான கணக்கின்படி, ஐம்பத்தேழு வயதில் போனால் வேலை செய்த ஒவ்வொரு வருஷத்துக்கும் சம்பளத்தில் 2.7 சதவீதம். மற்ற ஊழியருக்கு அப்படி இல்லை. உடம்பு சீக்கிரம் தேயும் வேலை என்று அங்கே சட்டமே ஒப்புக்கொள்கிறது. இங்கிலாந்தில் அதே 2013 செப்டம்பரில் தீயணைப்பு வீரர்கள் வேலைநிறுத்தம் தொடங்கினார்கள். ஓய்வு வயதை ஐம்பத்தைந்திலிருந்து அறுபதாக்கியதுதான் காரணம். 2018 டிசம்பரில் அங்குள்ள மேல்முறையீட்டு நீதிமன்றம், மூத்தவர்களைப் பழைய திட்டத்தில் வைத்துக்கொண்டு இளையவர்களை மட்டும் புதியதற்குத் தள்ளியது வயதுப் பாகுபாடு என்று சொல்லிவிட்டது. படிக்கும்போது நம் கதை போலவே இல்லையா?

நம் நாட்டிலும் ஒரு கீற்று தெரிந்தது. 2023 ஜனவரியில் டெல்லி உயர் நீதிமன்றம், மத்திய ஆயுதக் காவல் படையினருக்குப் பழைய பென்ஷன் உண்டு என்றது. பிறகு உச்ச நீதிமன்றம் அதற்குத் தடை விதித்தது. வழக்குப் போட்டுவிட்டோம், இனி கோர்ட்டு பார்த்துக்கொள்ளும் என்று உட்கார முடியாது என்பதற்கு இது ஒரு பாடம்.

பணம் எங்கே என்று கேட்பார்கள். கேட்கட்டும். கேரளத்தின் கஜானா நிலைமை நமக்குத் தெரியாததா? டி.ஏ. நிலுவையில் அதை அனுபவித்தவர்கள்தானே நாம். மத்திய அரசு கடன் வரம்பைக் குறைக்கிறது என்பதும் உண்மை. ஆனால் இன்னொரு உண்மையும் உண்டு: மாநிலங்கள் என்.பி.எஸ்ஸில் கட்டும் தொகைக்குச் சமமாகக் கூடுதல் கடன் வாங்கிக்கொள்ள மத்திய அரசு அனுமதிக்கிறது. நம் வியர்வையை ஈடு காட்டி வாங்கும் கடன் அது. அதில் நாலு சதவீதம் நமக்கு ஒதுக்க இடமில்லை என்றால், இடமில்லாதது கஜானாவில் இல்லை.

ஆகவே நாம் கேட்பது இதுதான், தோழர்களே. அரசின் பங்கு உடனே பதினாலு ஆக வேண்டும், 2019 ஏப்ரல் 1 முதல் நிலுவையோடு. புதிய திட்டம் வந்தால் போலீஸ், ஃபயர், சிறை, வனத்துறையில் களத்தில் நிற்கிறவர்களைத் தனி வகையாகப் பார்க்க வேண்டும். அவர்கள் பங்கு பத்துக்கு மேல் ஒரு பைசா ஏறக் கூடாது. இருபத்தைந்து வருஷம் முடித்தவருக்குக் கடைசிச் சம்பளத்தில் பாதி, அகவிலைப்படியோடு. களப்பணியிலிருந்து ஐம்பத்தாறில் இறங்க விரும்புகிறவர், பென்ஷன் குறையாமல் இறங்கலாம். வேலை செய்ய விரும்புகிறவருக்குக் கட்டுப்பாட்டு அறையிலோ பயிற்சியிலோ இடம் கொடுங்கள். கடமையில் உயிர் விட்டவர் வீட்டுக்கு, பழைய திட்டத்தில் வந்திருக்கக்கூடிய அதே குடும்பப் பென்ஷன். உத்தரவு போடும் முன் வரைவை நம் கையில் கொடுங்கள், படித்துச் சொல்கிறோம். இதில் எது பேராசை?

வேலைநிறுத்தம் நமக்கு இல்லை. வேண்டவும் வேண்டாம். ஒரு மணி நேரம் நாம் போனை எடுக்காவிட்டால் சாகப் போவது இன்னொரு கூலிக்காரன். நமக்கு வேறு வழிகள் உண்டு. உங்கள் சங்கக் கிளையில் இந்த வாரமே விகிதத்தைப் பற்றித் தீர்மானம் போடச் சொல்லுங்கள். தலைவர்கள் நழுவினால் வயதில் பெரியவன் நான் வந்து உட்காருகிறேன். ஒவ்வொருவரும் தன் சீட்டின் எண்ணைப் போட்டு, நாலு சதவீதம் எவ்வளவு என்று கணக்கிட்டு, நிதித்துறைக்கு முறைப்படி மனு அனுப்புங்கள். மலையாளம் எழுத வராதவர்கள் தமிழில் எழுதுங்கள், சித்தூர் தாலுக்காவிலும் தேவிகுளத்திலும் நமக்கு அந்த உரிமை உண்டு. சீருடைக்காரன் பேசக் கூடாத இடத்தில் பென்ஷன்காரர்களாகிய நாங்கள் பேசுவோம். எங்களை யாரும் டிரான்ஸ்பர் செய்ய முடியாது! என்னைப் போன்ற பழைய பென்ஷன்காரர்களே, உங்களுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன். சால்வை போதும். இந்தப் பையன்கள் பிடித்த கயிற்றில்தான் நாம் உயிரோடு மேலே வந்தோம்.

வீட்டுப் பெண்களே, உங்களிடம் தனியாக ஒரு வார்த்தை. பிளாச்சிமடைப் பந்தலை ஆண்கள் நடத்தவில்லை. உங்கள் வீட்டு ஆள் டூட்டியில் இருக்கும்போது அவர் சார்பாக நிற்க உங்களுக்கு எந்தத் தடையும் இல்லை. படையில் இருக்கும் தோழியர் சார்பாக அவர்கள் வீட்டு ஆண்களும் வரட்டும்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு, டூட்டி இல்லாதவர்கள் மூலத்தறையில் கூடுவோம். மேடை கிடையாது, மாலை கிடையாது, மைக்கும் கிடையாது. பெஞ்சு கொஞ்சம் இரவல் வாங்கி வைத்திருக்கிறேன். ஒரு பேனாவும் உங்கள் சம்பளச் சீட்டும் எடுத்து வாருங்கள். மூணாறிலிருந்தும் பீர்மேட்டிலிருந்தும் வர முடியாதவர்கள் அதே நேரத்தில் உங்கள் ஊரில் நாலு பேராவது உட்காருங்கள். சீட்டு கிடைக்காதவர்கள் அடிப்படைச் சம்பளத்தை ஒரு துண்டுத் தாளில் எழுதிக்கொண்டு வந்தால் போதும். கணக்கை நான் போட்டுத் தருகிறேன்.